ஓட்டையின் முன்பக்கம்

அன்று காலை என் மனைவி ஜாம் பாட்டிலை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். செய்தித்தாளிலிருந்து தலையை எடுத்துப் பார்த்தேன். மூடி திறக்கப்படவில்லை. எங்கள் வீட்டில் இது நடக்காத காரியம். கல்யாணமான புதிதில் பரண்மேல் இருந்த பெட்டியை அவள் இறக்கும்போது, ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ஏன், ஸ்டூலுக்குக் கால் இல்லையா?" என்றாள். அதிலிருந்து நானும் கேட்பதில்லை, அவளும் கூப்பிடுவதில்லை. பாட்டிலை எடுத்துத் திருகினேன். மூடி அப்படியொன்றும் இறுகியிருக்கவில்லை. இதைக்கூட அவளால் திறக்க முடியவில்லையா?

அவள் ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தாங்கள் கண்டதை மைக்கில் பேசி வைப்பார்கள். இவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு அடிக்க வேண்டும். சொல்லத்தான் எளிது. ஒரு டாக்டர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் விழுங்கிவிடுவார். முணுமுணுப்பு டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் பேசியது அவருக்கே மறுநாள் புரியாது என்று அந்தப் பிரிவில் சொல்வார்கள். அவருடையதெல்லாம் நேராக என் மனைவியின் மேஜைக்கு வந்துவிடும். அவருக்குச் சளி பிடித்திருக்கிறதா, வீட்டில் சண்டையா என்பதுவரை இவளுக்குக் குரலிலேயே தெரியும். ஆனால் அதையெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து அளப்பதில்லை. இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதுவும் அவள் தம்பி சொல்லி.

அவளுக்கு விரல் மூட்டுகளில் தேய்மானம் என்று அதே ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து கொடுத்தார், டைப் அடிப்பதைக் குறைக்கச் சொன்னார். சமையல்காரனிடம் அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்கிற மாதிரிதான். அவள் பிரிவின் தலைவி நல்ல மனுஷி. டோக்கன் கொடுக்கும் கவுன்டருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். உட்கார்ந்த இடத்தில் வேலை, விரலுக்கு ஓய்வு. நல்ல மனதோடு சொன்னதால் இவளால் முகத்தை முறித்து மறுக்கவும் முடியவில்லை. மாதக் கடைசிவரை பார்ப்போம், முடியவில்லை என்றால் கவுன்டர் என்று பேச்சு முடிந்திருந்தது.

"டோக்கன் கொடுக்கிறதும் வேலைதாங்க. யாரும் குறைச்சல்னு சொல்லல. ஆனா அது என் வேலை இல்ல," என்றாள்.

நான் லேசர் கடை வைத்திருக்கிறேன். கடை எனக்கும் என் மச்சினனுக்கும், அதாவது அவள் தம்பிக்கும், பொது. வீட்டு வாசல் பெயர்ப்பலகை, ஓட்டல் அறை எண், போட்டிகளுக்குக் கொடுக்கும் கேடயம் எல்லாம் அக்ரிலிக்கில் வெட்டுவோம். மெஷின் என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் வரைவது அவன் பொறுப்பு. வரைவது போக மீதி நேரமெல்லாம் அவனுக்குக் கீபோர்டுப் பைத்தியம். நாற்பதை நெருங்குகிறான், தலையில் முடி விடைபெற்றுவிட்டது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனாலும் கடை மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தால் விதவிதமான நிறத்தில் கீபோர்டு சுவிட்சுகள்தான் கொட்டும். ஒரு சாவியை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "கேட்டீங்களா மாமா, இந்தச் சத்தத்தை?" என்பான். எனக்கு எல்லாம் ஒரே டொக்குதான். "கேட்டேன்டா, பக்கத்து வீட்டுக்காரன் ஆணி அடிக்கிறான்," என்பேன்.

அக்காவின் விரல் கதையைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் ஆபீசில் வைத்து அடிக்கும் கீபோர்டு இவனே கட்டிக்கொடுத்தது.

"தப்பு என்னுதுதான் மாமா. அதுல நான் போட்டது இரும்புத் தகடு."

"தகடா? கீபோர்டுல ஏதுடா தகடு?"

அவன் இழுப்பறையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் காட்டினான். சாவிகளுக்குக் கீழே வரிசை வரிசையாகச் சதுர ஓட்டைகள் வெட்டிய ஒரு தகடு. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சுவிட்ச் கிளிப் போட்டு உட்கார்ந்திருந்தது. அடியில் சர்க்யூட் பலகை. இரும்புத் தகடாக இருந்தால் நாம் அடிக்கிற அடி அங்கே முட்டி, திரும்பி விரலுக்கே வருகிறது என்றான். பிளாஸ்டிக் தகடு போட்டு, வரிசைகளுக்கு நடுவே மெல்லிய கீறல்களும் விட்டால் தகடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அடியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

"வலி போயிடுமா?"

"போகாது மாமா. கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சம்தான் இப்ப அக்காவுக்கு வேணும்."

அன்றுதான் அவன் பைத்தியத்தின்மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்குக் கடையில் வேறு வேலை நடக்காது.

முதலில் எங்களிடம் இருந்த மெல்லிய அக்ரிலிக்கில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தோம். சுவிட்சை அழுத்திச் செருகியதும் மூலையில் விரிசல் விட்டது. பிறகு அவன் எங்கிருந்தோ பால்வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் ஷீட் வாங்கி வந்தான். அசிட்டல் என்று பெயராம், சின்னப் பல்சக்கரங்கள் செய்கிற சரக்கு. வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. லேசர் பட்டால் மட்டும் மூக்கைப் பிய்க்கிற நெடி. தீப்பிடித்தாலும் சுடர் கண்ணுக்கு லேசில் தெரியாது என்றான். அதனால் புகை இழுக்கும் விசிறியை முழு வேகத்தில் விட்டு, நான் மெஷினைவிட்டு நகராமல் நின்றேன்.

லேசர் வெட்டும்போது கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு முடியளவு தின்றுவிடும். பெயர்ப்பலகையில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே அந்த முடியளவில்தான் எல்லாம். ஓட்டை கொஞ்சம் பெரிதானால் சுவிட்ச் ஆடும், சிறிதானால் போகாது. ஆகவே முதலில் ஒரு சின்னப் பட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக அளவு மாற்றி ஓட்டைகள் வெட்டினோம். அவன் ஒவ்வொன்றிலும் சுவிட்சைச் செருகி, இழுத்து, காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தான். ஒரு ஓட்டையில் சுவிட்ச் 'டக்'கென்று உட்கார்ந்தது. இழுத்தான், வரவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

அந்த அளவை வைத்து முழுத் தகட்டையும் வரைந்து கொடுத்தான். நான் ஷீட்டை மேஜையில் பரப்பி, முனைகளில் பாரம் வைத்து, குவியத்தைச் சரிபார்த்துவிட்டு மெஷினை ஓட விட்டேன். வேறு எந்த வேலைக்கும் அன்றைக்குக் கொடுத்த கவனத்தைக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு சதுரமும் கீழே உதிர்ந்து விழ விழ, இது அவளுடைய எந்த விரலுக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெட்டி எடுத்த தகட்டைச் சர்க்யூட் பலகைமேல் வைத்த மச்சினன், தலையில் கைவைத்தான். இடப்பக்கம் இருக்க வேண்டியது வலப்பக்கம் இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெயர்ப்பலகையில் எழுத்தை அக்ரிலிக்கின் பின்பக்கத்தில்தான் செதுக்குவோம், முன்பக்கம் வழவழவென்று இருக்கட்டும் என்று. அதற்காக ஒவ்வொரு வேலையையும் மெஷினுக்கு அனுப்பும் முன் மிரர் போட்டு இடவலம் மாற்றுவேன். என் விரல் என்னைக் கேட்காமலே அந்தப் பொத்தானை அழுத்திவிட்டிருக்கிறது.

"போச்சா? வேற வெட்டிடலாமாடா?" என்றேன்.

அவன் தகட்டை எடுத்தான். தோசையைப் போல அப்படியே திருப்பிப் போட்டான். எல்லா ஓட்டைகளும் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

"எதுக்கு மாமா? ஓட்டைக்கு என்ன முன்பக்கம் பின்பக்கம்?"

விழுந்து விழுந்து சிரித்தோம். திருப்பியதால் மெஷின் மேஜையில் பட்டிருந்த பக்கம் மேலே வந்திருந்தது. ஆங்காங்கே பழுப்பாகப் புகைக் கறை. துணியை ஸ்பிரிட்டில் நனைத்து நானே துடைத்தேன். துடைத்த கைக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

தகட்டைப் பூட்டிய கீபோர்டை அவள் ஆபீசுக்குக் கொண்டுபோன முதல் சில நாட்கள் கொண்டாட்டம்தான். சாயங்காலம் வந்ததும் வெந்நீரில் கையை முக்கி வைத்துக்கொண்டு உட்காரும் நேரம் குறைந்திருந்தது. ஒருநாள் பாட்டே முணுமுணுத்தாள். நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தகடு புராணம் பாட ஆரம்பித்தேன். இப்போது சத்தத்தைக் கேட்கச் சொல்வது நான், தப்பித்து ஓடுவது மச்சினன்.

பிறகு வெந்நீரில் கை கிடக்கும் நேரம் மறுபடி நீண்டது. கையைத் துடைக்கும்போது அவள் முகம் ஒரு கணம் சுருங்கி நேரானது. நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். ஒருநாள் குடை தேடி அவள் பையைத் திறந்தால், கீபோர்டு ஒரு துண்டில் சுற்றி உள்ளே கிடக்கிறது.

"இது ஏன் இங்க இருக்கு? அப்ப ஆபீஸ்ல எதுல அடிக்கிற?"

"அங்க கொடுத்த தட்டை கீபோர்டுல."

"அது இன்னும் வலிக்குமே!"

"வலிக்குது."

"பின்ன ஏம்மா?"

அவள் துண்டைப் பிரித்துக் கீபோர்டை எடுத்தாள். எண் வரிசையின் ஓரத்தில் இருந்த சாவியை நகத்தால் லேசாக நெம்பினாள். மூடி மட்டும் வரவேண்டும். சுவிட்சும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது.

"வேகமா அடிக்கும்போது ஓரத்துச் சாவி கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிடுதுங்க. அப்புறம் அழுத்தினா பதியறதில்ல. ஒரு மருந்து அளவுல சைபர் விழல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "பயப்படாதீங்க. அனுப்பறதுக்கு முன்னால எல்லாத்தையும் ஒருவாட்டி படிப்பேன். பிடிச்சுட்டேன்."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க." சுவிட்சைத் திரும்ப ஓட்டையில் வைத்து அழுத்தினாள். "எனக்கு வலி பரவாயில்லங்க. சமாளிச்சுக்கலாம். எழுத்து விழாததைப் பரவாயில்லன்னு சொல்ல முடியாது. அந்தப் பக்கம் ஒருத்தர் படுத்துக்கிட்டு இருக்காரு."

கூட வாழ்கிறவளைப் பார்த்து ஒருவனுக்குக் கும்பிடத் தோன்றினால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குடையையும் கீபோர்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வெளியே மழைகூட இல்லை.

மச்சினன் தகட்டைக் கழற்றி ஓட்டைகளை அளந்துகொண்டே இருந்தான். மேலே வைத்து அளந்தால் அளவு சரி. பட்டையில் உட்கார்ந்த சுவிட்ச் தகட்டில் ஏன் உட்காரவில்லை என்று அவனுக்குப் பிடிபடவில்லை. நான் பட்டையை எடுத்து ஒரு ஓட்டையின் ஓரத்தை நகத்தால் தடவினேன். பிறகு தகட்டைத் தடவினேன். இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்திருந்தன. லேசர் உள்ளே நுழையும் பக்கம் ஒரு துளி அதிகமாகத் தின்னும், வெளியேறும் பக்கம் குறைவாகத் தின்னும். வெட்டின் சுவர் நேராக நிற்காது, கொஞ்சம் சாய்ந்திருக்கும். கேடயத்தின் விளிம்பில் இந்தச் சாய்வைத்தான் நான் உட்கார்ந்து தேய்த்து நேராக்குவேன். பட்டையை நாங்கள் திருப்பவில்லை, அகலமான வாய் மேலே, குறுகியது கீழே. சுவிட்சின் கிளிப் குறுகிய விளிம்புக்குக் கீழே போய்ப் பிடித்துக்கொண்டது. தகட்டைத் திருப்பினோம். அகலமான வாய் கீழே போய்விட்டது. கிளிப்புக்குப் பிடிக்க இடமில்லை.

"ஓட்டைக்கு முன்பக்கம் பின்பக்கம் இருக்குடா," என்றேன்.

அவன் தகட்டை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பெரிய அறிவாளி மாமா நான்," என்றான்.

விடுமுறை நாளன்று அவளும் எங்களோடு கடைக்கு வந்தாள். கடையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. முக்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நெடிக்கு முந்தானையால் மூக்கை மூடியபடி வெட்டுவதைப் பார்த்தாள். திரையில் மிரர் பொத்தான் வரும் இடத்தில் மச்சினன் ஒரு சிவப்புக் காகிதம் கத்தரித்து ஒட்டியிருந்தான். நான் என் வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் மெஷினை ஓட விட்டேன். தகடு வந்ததும் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி மேலே பார்க்கவே பூட்டினோம்.

அவள் வெறும் பேச்சை நம்புகிற ஆள் இல்லை. ஒவ்வொரு சாவியையும் வலிக்கிற விரலாலேயே நெம்பி இழுத்தாள். மூடிகள் வந்தன, சுவிட்சுகள் அசையவில்லை. "பேசுடா," என்றாள் தம்பியிடம். "வேகமா. வாயில எதையாவது போட்டுக்கிட்டுப் பேசு."

அவன் ஒரு பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டு, பிளாஸ்டிக் தகட்டின் பெருமைகளைப் பேச ஆரம்பித்தான். பாதி எனக்குப் புரியவில்லை. அவள் அடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அடிப்பதை நான் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். கை நகர்ந்ததாகவே தெரியவில்லை, விரல்கள் மட்டும் இறங்கி ஏறின. பார்வை திரையிலும் இல்லை, கீபோர்டிலும் இல்லை, தம்பியின் உதட்டிலும் இல்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, குரல் எங்கே போகப்போகிறது என்று முன்னாலேயே போய் நிற்கிறவளைப் போல இருந்தாள். அவன் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தடுமாறினான். திரையில் அது முடிந்து புள்ளி விழுந்திருந்தது. அடியில் பழைய இரும்புத் தகட்டின் 'டிங்' இல்லை. மெத்தையில் விழுகிற மாதிரி, தாழ்வாக, தொப் தொப்பென்று ஒரு சத்தம். எனக்கும் அது கேட்டது. அன்றைக்குத்தான் கேட்டது.

"நீங்களும் பேசுங்க," என்றாள்.

நடந்ததையே பேசினேன். பெயர்ப்பலகை வழக்கத்தில் இப்படி ஆகிவிடுவதுண்டு, யாராக இருந்தாலும் ஆகும், மெஷினில் எச்சரிக்கை கிடையாது, இவனும் பார்த்திருக்கலாம், அந்த ஷீட்டில் எது மேல்பக்கம் என்று தெரிவதே கஷ்டம் என்று நீட்டி முழக்கினேன். நிறுத்தியதும் திரையைப் பார்த்தேன். ஒரே வரிதான் இருந்தது.

'தகட்டை இடவலம் மாற்றி வெட்டியது நான்.'

மச்சினன் பிஸ்கட் தூள் பறக்கச் சிரித்தான்.

"டாக்டர் பேசினா ஒரு எழுத்து விடமாட்டேன். இந்தச் சலுகை வீட்டுக்காரருக்கு மட்டும்," என்றாள் அவள். பிறகு கையை மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினாள். வலிக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். ஸ்டூல் ஞாபகம் வந்தது. கேட்காமல், வெட்டி உதிர்ந்த சதுரங்களைப் பெருக்க ஆரம்பித்தேன்.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. அன்று பிரிவுத் தலைவி அவள் மேஜைக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கடையில் எங்களுக்கு ஓட்டல் அறை எண்கள் வெட்டும் வேலை. இரண்டு எண்ணைக் கெடுத்தேன். மச்சினன் புது ஷீட்டை எடுத்து வைத்தான். தானும் வரைய வேண்டியதை விட்டுவிட்டு இழுப்பறையை நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

மதியம் என் போன் அடித்தது. அவள் எண். வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

பதில் இல்லை. போனை மேஜையில் வைக்கிற ஓசை. மெஷின் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. கையைக் காட்டினேன். மச்சினன் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினான், புகை இழுக்கும் விசிறியை நிறுத்தினான், கடைக் கதவையும் சாத்தினான். போனை மேஜைமேல் வைத்தோம். இரண்டு பேரும் குனிந்தோம்.

தொப், தொப், தொப்பென்று தாழ்வாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு கணம் நின்றது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள், பிரிவுத் தலைவியாகத்தான் இருக்கும். பிறகு மறுபடி தொடங்கி, இன்னும் வேகமாக ஓடியது.

மெஷினுக்குள் பாதி வெட்டிய எண்ணின்மேல் கடைசிப் புகை மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. மச்சினன் கண்ணை மூடியிருந்தான். நானும் மூடிக்கொண்டேன்.